லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் சோதனைகளை எளிமையாக்குவது எப்படி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் மூலநிரலில் டூல்ஸ்/டெஸ்டிங்/செல்ஃப்டெஸ்ட்ஸ்/நெட் என்ற அடைவைத் திறந்தால் நெட்வொர்க் பகுதிக்கான சோதனைகள் வரிசையாகக் கிடக்கும். பெரும்பாலானவை ஷெல் ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள். சில சி மொழியில் எழுதப்பட்டவை. அண்மைக் காலமாகப் பைத்தானும் சேர்ந்திருக்கிறது. ஒரு புதிய வசதியைக் கர்னலில் சேர்க்கும்போது அதை எழுதியவரே கையோடு ஒரு சோதனையையும் எழுதி இணைத்துவிடுவார். அடுத்து வருபவர் அதையே நகலெடுத்து, நடுவில் பத்து வரியை மாற்றித் தம்முடைய சோதனையாக்கிக்கொள்வார். இப்படியே பல ஆண்டுகள் போனதால், நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்து இயங்கும் நெட்வொர்க் சூழல்) உருவாக்குவது, அவற்றை இணைக்கும் வெத் என்ற மெய்நிகர் கம்பி இழுப்பது, முகவரி கொடுப்பது, முடிந்ததும் துடைத்து வைப்பது என்ற ஒரே வேலை ஒவ்வொரு கோப்பிலும் சற்றுச் சற்று வேறுபட்ட வடிவில் உட்கார்ந்திருக்கிறது. இருநூறு வரி உள்ள ஒரு ஸ்கிரிப்டில் உண்மையிலேயே சோதிக்கும் வரிகள் பத்தோ பதினைந்தோதான் இருக்கும்.

அந்தப் பத்து வரி கண்ணுக்குத் தெரியும்படி மற்றவற்றை விலக்குவதையே இந்தக் கட்டுரையில் எளிமையாக்குதல் என்கிறேன். வரிகளின் எண்ணிக்கை குறைவது அதன் விளைவாக வரலாம், வராமலும் போகலாம். கோப்பைத் திறந்த ஒருவருக்கு இது கர்னலைப் பற்றி என்ன உறுதி கேட்கிறது என்பது ஒரு நிமிடத்தில் புரிய வேண்டும். சோதனை தோற்றால் எது உடைந்தது என்பதை அதன் செய்தியே சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒரு சோதனையைக் கையில் எடுத்து முதலிலிருந்து போவோம்.

எடுத்துக்கொள்ளும் சோதனை

பாத் எம்டியூ கண்டறிதலை, அதாவது ஒரு வழி முழுவதும் துண்டாகாமல் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவை (எம்டியூ) அறியும் முறையை, சோதிக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட், ரவுட்டர், சர்வர் என மூன்று நேம்ஸ்பேஸ்கள். கிளையன்டுக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கம்பியின் எம்டியூ 1500. ரவுட்டருக்கும் சர்வருக்கும் இடையில் 1400. துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1500 பைட் பாக்கெட் ஒன்றை கிளையன்ட் அனுப்பினால், ரவுட்டர் அதை முன்னே தள்ள முடியாமல் வகை 3, குறியெண் 4 கொண்ட ஐசிஎம்பி செய்தியை (நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் செய்தி) திருப்பி அனுப்பும். கிளையன்டின் கர்னல் அதைப் படித்து, அந்தச் சர்வருக்கான வழியில் 1400 என்று குறித்துக்கொள்ள வேண்டும். 1990இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1191 சொல்லும் நடைமுறை இதுதான். சோதனை கேட்கும் ஒரே கேள்வி, கிளையன்ட் அந்த 1400ஐக் கற்றுக்கொண்டதா என்பது. கேள்வி இவ்வளவு சிறியதாக இருந்தும், அதைக் கேட்கும் ஸ்கிரிப்ட் நூற்றெண்பது வரிக்கு நீளும்.

முதலில் சோதனையைத் தோற்கச் செய்யுங்கள்

எந்த வரியையும் தொடுவதற்கு முன்பு, சோதனை தோற்கக்கூடியதுதானா என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தோற்கவே முடியாத சோதனையை எவ்வளவு அழகாக மாற்றி எழுதினாலும், அது தொடர்ந்து வென்றுகொண்டே இருக்கும்; எதையோ உடைத்துவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

தோற்கச் செய்வதற்குக் கர்னலையே சிறிது ஊனமாக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இரண்டு இடங்கள் பொருத்தமானவை. ஒன்று அனுப்பும் பக்கம்: நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்டு.சி கோப்பில், பாக்கெட் எம்டியூவைத் தாண்டும்போது ஐசிஎம்பி செய்தியை அனுப்பும் வரியை நீக்கிவிடலாம். மற்றொன்று பெறும் பக்கம்: நெட்/ஐபிவி4/ரவுட்.சி கோப்பில் வழியின் எம்டியூவைப் புதுப்பிக்கும் ஃபங்ஷன் எதையும் செய்யாமல் முதல் வரியிலேயே திரும்பிவிடுமாறு மாற்றலாம். கர்னலை மறுபடி கட்ட நேரமில்லை என்றால், ரவுட்டர் நேம்ஸ்பேஸிலிருந்து வெளியேறும் ஐசிஎம்பியை என்எஃப்டி என்ற பாக்கெட் வடிகட்டியின் விதி ஒன்றால் தடுத்தும் பார்க்கலாம். ஆனால் கர்னலில் கை வைப்பதே நம்பகமானது. வெவ்வேறு இடங்களில் உடைத்து, ஒவ்வொரு முறையும் சோதனை என்ன செய்தி தருகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு அதே உடைப்புகளை மீண்டும் செய்து, அதே இடத்தில் தோற்கிறதா என்று ஒப்பிட அந்தக் குறிப்பு தேவைப்படும்.

இத்தகைய ஒரு ஸ்கிரிப்டை நான் முதன்முதலில் சீர்செய்ய எடுத்தபோது, பெறும் பக்கத்தை முழுவதுமாக உடைத்த பிறகும் திரையில் வெற்றி என்றே வந்தது. கர்னல் எதையும் கற்கவில்லை. கற்றுவிட்டதாகச் சோதனை சொன்னது. காரணம் ஒரே ஒரு சொல். அதைத் தீர்ப்பு வரியைப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

நேம்ஸ்பேஸும் கம்பியும்

பழைய ஸ்கிரிப்டுகளில் நேம்ஸ்பேஸ்களுக்கு என்எஸ்1, என்எஸ்2 என்று நிலையான பெயர் இருக்கும். இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் ஒரே பெயருக்கு மோதும். முந்தைய ஓட்டம் பாதியில் செத்திருந்தால் அதன் மிச்சம் அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும். இதற்காகவே பலரும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒருமுறை துடைக்கிறார்கள், முடிவில் ஒருமுறை துடைக்கிறார்கள், பிழைச் செய்திகள் வெளியே தெரியாமல் அவற்றை வெற்றுச் சாதனத்துக்கும் திருப்பிவிடுகிறார்கள். நெட் அடைவிலுள்ள லிப்.எஸ்ஹெச் கோப்பை ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொண்டு, செட்டப்_என்எஸ் என்ற ஃபங்ஷனுக்கு கிளையன்ட், ரவுட்டர், சர்வர் என்ற மூன்று பெயர்களைக் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் யாருடனும் மோதாத தற்செயலான வால் சேர்த்த நேம்ஸ்பேஸை உருவாக்கி, அந்தப் பெயரை அதே பெயருள்ள மாறியில் அது வைத்துவிடும். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் கிளீனப்_ஆல்_என்எஸ் ஓடும்படி எக்ஸிட் நிகழ்வுக்கு ஒரு டிராப் வரியை எழுதிவிடுங்கள்.

துடைக்கும் பகுதியில் பெரும்பாலும் முப்பது நாற்பது வரிகளை அப்படியே நீக்கிவிடலாம். வெத் போன்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸ்கள் தாம் இருக்கும் நேம்ஸ்பேஸோடு சேர்ந்தே அழிந்துவிடும். ஒரு முனை அழிந்தால் மறுமுனையும் போய்விடும். அவற்றின் மீதிருந்த முகவரிகள், வழிகள், விதிகள் எல்லாமே அவற்றோடு மறையும். எனவே நேம்ஸ்பேஸை அழிப்பதற்கு முன்னால் வழியை நீக்கு, முகவரியை நீக்கு, இன்டர்ஃபேஸை இறக்கு என்று ஒவ்வொன்றாகத் திரும்ப அவிழ்க்கும் வரிகளால் பயன் ஏதுமில்லை. உண்மையான நெட்வொர்க் கார்டைக் கொண்டு ஓடும் சோதனைகளுக்கு இது பொருந்தாது. அங்கே அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு டிஃபர் என்ற வசதி இருக்கிறது. ஒன்றை உருவாக்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே அதை நீக்கும் கட்டளையை டிஃபரிடம் ஒப்படைத்துவிட்டால், முடிவில் அவை தலைகீழ் வரிசையில் ஓடும். உருவாக்குவது ஒரு பக்கத்திலும் அவிழ்ப்பது நூறு வரி தள்ளியும் இருந்தபோது இரண்டும் பொருந்துகின்றனவா என்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்த தொல்லை அதனால் தீர்கிறது.

வெத் இணையை உருவாக்கும்போது, இரு முனைகளையும் எந்த நேம்ஸ்பேஸில் வைக்க வேண்டும் என்பதை அந்த ஒரே கட்டளையில் சொல்லிவிட முடியும். முதலில் வெளியே உருவாக்கிப் பிறகு ஒவ்வொரு முனையாக உள்ளே நகர்த்தும் முறையைக் கைவிடுங்கள். வெளியே தோன்றும் அந்தச் சில மில்லிநொடிகளுக்குள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் அதைக் கண்டு தானாக ஏதேனும் அமைத்துவிடக்கூடும். இருபது முறைக்கு ஒருமுறை காரணமில்லாமல் தோற்கும் சோதனைகளில் இதுவும் ஒரு மூலம்.

முகவரிகளுக்கு 10இல் தொடங்கும் ஏதோ ஒன்றை இடுவதைவிட, ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2.0/24, 198.51.100.0/24, ஐபிவி6க்கு 2001:டிபி8::/32 ஆகியவற்றைப் பயன்படுத்துவது நல்லது. படிப்பவர் கண்ட மாத்திரத்தில் இவை சோதனைக்கான முகவரிகள் என்று அறிந்துகொள்வார். கோப்பின் தலைப்பில் மூன்று கட்டங்களும் இரண்டு கோடுகளும் கொண்ட சிறு வரைபடம் ஒன்றைக் கருத்துரையாக எழுதி, ஒவ்வொரு கோட்டின் மீதும் எம்டியூவைக் குறித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த வரை, நெட்வொர்க் சோதனை ஒன்றில் எழுதக்கூடிய கருத்துரைகளில் இதற்கு இணையான பயனுள்ளது வேறில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய நேம்ஸ்பேஸ் ஒன்று வெற்றுத் தாளாகப் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். ஐபிவி6 அமைப்புகளைப் பொறுத்த வரை அது ஏறக்குறைய உண்மை. இயல்பு மதிப்புகளே வரும். ஆனால் ஐபிவி4 அமைப்புகள், நீங்கள் வேறாக மாற்றியிராத வரை, முதன்மை நேம்ஸ்பேஸின் அப்போதைய மதிப்புகளிலிருந்தே நகலாகின்றன. கன்டெய்னர்கள் ஓடும் மடிக்கணினியில் பாக்கெட்டை முன்னே தள்ளும் ஐபி_ஃபார்வர்டு அமைப்பு ஏற்கெனவே 1 ஆகியிருக்கும். எனவே ரவுட்டர் நேம்ஸ்பேஸில் அதை இயக்க மறந்த ஸ்கிரிப்டும் உங்கள் கணினியில் நன்றாகவே ஓடும். சுத்தமான மெய்நிகர் கணினியில் ஓட்டினால் தோற்கும். வந்த வழியைச் சரிபார்க்கும் ஆர்பி_ஃபில்டர் அமைப்பும் இப்படித்தான் விநியோகத்துக்கு விநியோகம் வேறுபடும்; அதனால்தான் செட்டப்_என்எஸ் அதைத் தானே 0 ஆக்கிவிடுகிறது, லூப்பேக் இன்டர்ஃபேஸையும் எழுப்பிவிடுகிறது. மற்றவை உங்கள் பொறுப்பு. சோதனை சார்ந்திருக்கும் ஒவ்வோர் அமைப்பையும், இயல்பாகவே அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல், ஸ்கிரிப்டிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். எளிமையாக்கும்போது தேவையற்றது என்று தோன்றி அந்த வரியை நீக்கிவிடும் தவறும் இதே காரணத்தால்தான் நேர்கிறது.

தூக்கத்தைக் கலையுங்கள்

ஸ்கிரிப்டில், குறித்த நேரம் சும்மா காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் எழுதியவர் எதற்கோ காத்திருந்தார் என்பதற்கான அடையாளம்; எதற்கு என்பதை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. இரண்டு நொடி என்பது அவருடைய கணினியில் போதுமானதாக இருந்திருக்கும். நினைவகப் பிழைகளைக் கண்காணிக்கும் கேசான், பூட்டுகளைக் கண்காணிக்கும் லாக்டெப் ஆகியவற்றோடு கட்டிய கர்னலை மெய்நிகர் கணினிக்குள் ஓட்டும்போது அந்த இரண்டு நொடி போதாமல் போகும். உடனே யாராவது அதை ஐந்தாக்குவார். வேகமான கணினிகள் எல்லாம் ஐந்து நொடி வீணாக்கும்.

ஒவ்வொரு ஸ்லீப்புக்கும் அது காத்திருக்கும் நிகழ்வைக் கண்டுபிடித்து, அந்த நிகழ்வுக்கே காத்திருங்கள். முகவரி கொடுத்த பிறகு வரும் ஸ்லீப் பெரும்பாலும் ஐபிவி6இன் இரட்டை முகவரிச் சரிபார்ப்புக்கானது. அது முடியும் வரை முகவரி தற்காலிக நிலையில் இருக்கும், அதிலிருந்து பாக்கெட் போகாது. ஒன்றிரண்டு நொடி ஆகலாம். சோதனையின் பொருள் அந்தச் சரிபார்ப்பாக இல்லாத வரை, முகவரி சேர்க்கும் கட்டளையின் கடைசியில் நோடாட் என்று சேர்த்துவிட்டால் காத்திருப்பே தேவையில்லை. பின்னணியில் ஒரு சர்வரை ஓட விட்டு உடனே இணைக்கும் இடத்தில் வரும் ஸ்லீப்புக்கு, வெயிட்_லோக்கல்_போர்ட்_லிசன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நேம்ஸ்பேஸ், போர்ட் எண், நெறிமுறை ஆகியவற்றைக் கொடுத்தால், கர்னலின் சாக்கெட் (இணைப்பு முனை) பட்டியலில் அந்தப் போர்ட் காதைத் திறந்து வைக்கும் வரை அது பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் ஸ்கிரிப்டில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பாக்கெட்) அனுப்பிய பிறகு ஸ்லீப் 2 என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, கிளையன்டின் வழியில் 1400 தெரிகிறதா என்று கேட்கும் ஒரு சிறு ஃபங்ஷனை எழுதி, ஸ்லோவெயிட் மூலம் அதைக் கூப்பிடுங்கள். நிபந்தனை நிறைவேறிய கணமே அது திரும்பிவிடும்; நிறைவேறாவிட்டால் நீங்கள் சொன்ன கெடு வரை முயன்று தோல்வியைத் திருப்பும். ஒரு எச்சரிக்கை: ஸ்லோவெயிட் கெடுவை நொடியில் கேட்கும், அதன் உறவான பிஸிவெயிட் மில்லிநொடியில் கேட்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எண்ணை அப்படியே விட்டுவிட்டால் ஐந்து நொடிக் கெடு ஐந்து மில்லிநொடியாகச் சுருங்கிவிடும்.

எதிர்மறையான கேள்விகளுக்கு இந்த உத்தி உதவாது. பாக்கெட் வரவே கூடாது என்று சோதிக்கும்போது, வராததற்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? அங்கே காலத்தை நம்பாமல், தடுக்கப்பட்ட பாக்கெட்டுக்குப் பின்னால் தடுக்கப்படாத ஒன்றை அதே வழியில் அனுப்புங்கள். இரண்டாவது வந்து சேர்ந்த பிறகும் முதலாவது எண்ணிக்கையில் ஏறவில்லை என்றால் அது வரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தீர்ப்பு சொல்லும் வரி

சோதனையின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. ஷெல்லில் இதுவே மிக எளிதாகக் கெட்டும்போகிறது.

முன்பு சொன்ன ஸ்கிரிப்டில், வழியைக் கேட்டு வரும் விடையிலிருந்து 1400ஐத் தேடி எடுத்து ஒரு மாறியில் வைக்கும் வரி லோக்கல் என்ற சொல்லோடு தொடங்கியது. அடுத்த வரி, முந்தைய கட்டளையின் வெளியேற்றக் குறியீட்டை (வெற்றி என்றால் 0) பார்த்து வெற்றி தோல்வியை முடிவு செய்தது. லோக்கலும் ஒரு கட்டளைதான். மாறியை அறிவிக்கும் அதன் வேலை எப்போதும் வெற்றியாகவே முடியும். எனவே உள்ளே ஓடிய தேடல் தோற்றாலும் வெளியே தெரிவது லோக்கலின் 0 மட்டுமே. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பளிப்பை அடுத்த வரியிலும் பிரித்து எழுதினால் சரியாகிவிடும். ஷெல்செக் என்ற கருவி இந்தத் தவறை எஸ்சி2155 என்ற எண்ணில் சுட்டிக்காட்டும். எந்த ஸ்கிரிப்டைத் தொட்டாலும் முதலில் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். வெளியீட்டைப் பைப் வழியே, கடைசி வரிகளை மட்டும் காட்டும் டெயில் கட்டளைக்கு அனுப்பிவிட்டுக் குறியீட்டைப் பார்ப்பதும் இதே வகைத் தவறு. அங்கே கிடைப்பது டெயிலின் குறியீடு.

இதற்கெல்லாம் மருந்தாக ஸ்கிரிப்டின் தலையில், எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்டை நிறுத்திவிடும் செட் -ஈ போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நெட்வொர்க் சோதனைகளில் அது பொருந்துவதில்லை. நம் எடுத்துக்காட்டிலேயே, 1472 பைட் சரக்கோடு பிங் அனுப்புகிறோம். அதனுடன் ஐசிஎம்பி தலைப்பின் 8 பைட்டும் ஐபி தலைப்பின் 20 பைட்டும் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அந்த பிங் தோற்க வேண்டும் என்பதுதான் நம் திட்டம். செட் -ஈ இருந்தால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தோல்வியை எதிர்பார்க்கும் இடங்களில் அதை வெளிப்படையாகச் சொல்லும் செக்_ஃபெயில், வெற்றியை எதிர்பார்க்கும் இடங்களில் செக்_எர் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் லிப்.எஸ்ஹெச் கோப்பிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் ரெட் என்ற மாறியை 0 ஆக்க வேண்டும். இடையில் எத்தனை செக் தோற்றாலும் முதல் தோல்வியின் செய்தியே நிலைக்கும். இறுதியில் லாக்_டெஸ்ட் அதை அச்சிடும். முழு ஸ்கிரிப்டின் கடைசி வரி எக்ஸிட்_ஸ்டேட்டஸ் மாறியோடு வெளியேற வேண்டும். அதை மறந்து, முடிந்தது என்று ஒரு எக்கோ வரியோடு நிறுத்தினால், எக்கோவின் வெற்றி முழுச் சோதனையின் வெற்றியாகிவிடும்.

கருவிகளின் வெளியீட்டில் சொல்லைத் தேடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஐபி, டிசி போன்ற கட்டளைகள் ஜேசான் என்ற, புலம் புலமாகப் பிரித்த தரவு வடிவில் விடை தரக்கூடியவை. அதைப் படிக்கும் ஜேக்யூ கருவியைக் கொண்டு வேண்டிய புலத்தை மட்டும் எடுத்து, எண்ணோடு எண்ணாக ஒப்பிடலாம். மனிதர் படிப்பதற்கான வெளியீட்டில் இடைவெளி ஒன்று மாறினாலும் சோதனை உடையும். 1400 என்ற எண் எதிர்பாராத வேறொரு இடத்தில் வந்தாலும் சோதனை தவறாக வெல்லும். தோல்விச் செய்தியில் எதிர்பார்த்தது 1400, கிடைத்தது 1500 என்று இரண்டையும் அச்சிடுங்கள். வேறு யாரோ ஒருவர் தானியங்கிச் சோதனையின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் சோதனையை ஆராய வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

குறியீடுகளைப் பற்றிச் சுருக்கமாக: வெற்றிக்கு 0, தோல்விக்கு 1, எதிர்பார்த்த தோல்விக்கு 2, தவிர்ப்புக்கு 4. கருவி இல்லை, கர்னலில் வசதி கட்டப்படவில்லை என்ற நிலைகளில் மட்டும் 4 தகும். அமைக்கும் கட்டளை ஏதோ காரணத்தால் தோற்றதற்கும் 4 கொடுக்கும் ஸ்கிரிப்டுகளைப் பார்த்திருக்கிறேன். கர்னல் உடைந்து அமைப்பு தோற்றால்கூட அது தவிர்ப்பாகவே பதிவாகும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சோதனைக்குத் தேவையான கர்னல் அமைப்புகளை அதே அடைவிலுள்ள கான்ஃபிக் கோப்பில் சேர்த்துவிட்டால் தவிர்ப்புக்கான தேவையே பெரும்பாலும் எழாது. நேரத்தைத் துல்லியமாக அளக்கும் சோதனை மெதுவான கணினியில் தோற்பது மட்டும் வேறு விஷயம். கேஎஸ்எஃப்டி_மெஷின்_ஸ்லோ என்ற சூழல் மாறி இருக்கும்போது அந்தத் தோல்வியை எதிர்பார்த்த தோல்வியாகப் பதிவுசெய்ய எக்ஸ்ஃபெயில்_ஆன்_ஸ்லோ உதவும்.

ஒன்றாக்குவதும் எங்கே நிறுத்துவதும்

ஐபிவி4க்கு ஒரு ஃபங்ஷன், ஐபிவி6க்கு முகவரி மட்டும் மாறிய அதே ஃபங்ஷன் என்று இரட்டையாக இருந்தால், மாறும் பகுதியை அளவுருவாக்கி ஒன்றாக்கலாம். ஆனால் மாறுவது முகவரி மட்டும்தானா என்று கூர்ந்து பாருங்கள். பாத் எம்டியூவில் அப்படி இல்லை: ஐபிவி6இல் திரும்பி வருவது வகை 2 கொண்ட பாக்கெட் பெரிது என்ற செய்தி, தலைப்பு 40 பைட் என்பதால் பிங்கின் சரக்கு 1452 ஆகிறது, எம்டியூ 1280க்குக் கீழே போக முடியாது. இவற்றையெல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்தால் நெறிமுறை ஆறா நான்கா என்று கேட்கும் கிளைகள் பெருகி, எந்தப் பாதை ஓடியது என்பதே புரியாமல் போகும். இத்தகைய இடங்களில் அமைப்பைப் பொதுவாக்கி, சோதிக்கும் பத்து வரியை இரண்டாகவே விட்டுவிடுவதுதான் என் பழக்கம்.

ஏழு அளவுரு வாங்கும் உதவி ஃபங்ஷன் ஒன்றை எழுத நேர்ந்தால் அங்கே நிறுத்துங்கள். அழைக்கும் வரியில் 1, 0, 1400, வெற்று மேற்கோள் என்று வரிசையாக நின்றால், எது எதைக் குறிக்கிறது என்று அறிய வேறு கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும். சோதனை நிரலில் ஓரளவு திரும்பக் கூறுவது குற்றமில்லை. பொதுக் கோப்புக்கு எதையாவது நகர்த்துவதற்கு முன்பு, குறைந்தது மூன்று சோதனைகளாவது அதை உண்மையிலேயே பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள்; ஒரே ஒரு சோதனைக்காகப் பொதுவாக்கிய ஃபங்ஷன் அந்தச் சோதனையின் பொருளைக் கண்ணுக்கு மறைக்க மட்டுமே பயன்படும்.

ஷெல் போதாத இடங்கள்

சாக்கெட் விருப்பங்கள், பகுதி பகுதியாக வரும் தரவு, ஒரே நேரத்தில் பல இணைப்புகள் போன்றவற்றை ஷெல்லில் எழுத முயன்றால் பின்னணிச் செயல்களும் தற்காலிகக் கோப்புகளும் குவியும். அவற்றைச் சி மொழியில், கேசெல்ஃப்டெஸ்ட்_ஹார்னஸ் தலைப்புக் கோப்பின் துணையோடு எழுதுவதே நேர்வழி. ஃபிக்ஸ்சர் என்ற அமைப்பு ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் ஓட வேண்டியவற்றை ஒரே இடத்தில் வைக்கிறது. வேரியன்ட் என்பது ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளோடு திரும்ப ஓட்டுகிறது. டிஎல்எஸ்.சி கோப்பைப் படித்துப் பாருங்கள்: குறியாக்க முறைகளும் பதிப்புகளும் வேரியன்ட்களாக மேலே நிற்க, கீழே ஒவ்வொரு சோதனையும் ஒருமுறை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் தனிச் சேய்ச் செயலாக ஓடுவதால், அமைக்கும் பகுதியில் அன்ஷேர் என்ற கர்னல் அழைப்பின் மூலம் புதிய நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் நுழைந்துவிட்டால், செயல் முடியும்போது நேம்ஸ்பேஸும் தானே மறைந்துவிடும். துடைக்க ஒரு வரிகூட வேண்டாம். அசெர்ட் சோதனையை அங்கேயே நிறுத்தும், எக்ஸ்பெக்ட் குறித்துக்கொண்டு தொடரும் என்ற வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: சாக்கெட் திறக்கவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை, அங்கே அசெர்ட்.

டிரைவர்களையும், நிரல்கள் கர்னலோடு பேசும் நெட்லிங்க் இடைமுகத்தையும் சோதிக்க 2024இல் வந்த பைத்தான் நூலகம் பொருத்தமானது. சோதனைகளை ஃபங்ஷன்களாக எழுதிக் கேஎஸ்எஃப்டி_ரன்னிடம் பட்டியலாகக் கொடுத்தால் போதும். எங்கேனும் எதிர்பாராத விதிவிலக்கு எழுந்தால் அது தோல்வியாகவே பதிவாகும், ஷெல்லைப் போல அமைதியாகக் கடந்து போகாது. உண்மையான கார்டு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் நெட்டெவ்சிம் என்ற போலி டிரைவரை வைத்தே சோதனை ஓடும். டிசிபியின் மறு அனுப்புகை, ஒப்புதல் வரிசை போன்ற நுண்ணிய நடத்தைகளுக்கோ 2013இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட பாக்கெட்டிரில் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்தப் பாக்கெட் உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதை வரிவரியாக எழுதுவதே அங்கே சோதனை. இருந்தாலும் நன்றாக ஓடும் ஷெல் சோதனையை மொழி மாற்றத்துக்காகவே திருப்பி எழுதாதீர்கள். வரலாறு அறுந்துபோகும், பல ஆண்டுகளாகச் சிறு சிறு திருத்தங்களில் சேர்ந்த அறிவு அதோடு தொலைந்துபோகும்.

ஓட்டிப் பார்த்து அனுப்புதல்

மாற்றிய சோதனையை உங்கள் கணினியில் நேரடியாக ஓட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். விர்ட்மி-என்ஜி கருவி, கட்டிய கர்னலைச் சில நொடிகளில் மெய்நிகர் கணினியில் எழுப்பி உங்கள் அடைவை அப்படியே உள்ளே காட்டும். நெட் அடைவின் கான்ஃபிக் கோப்போடு ஒருமுறையும், கேசானும் லாக்டெப்பும் சேர்த்து ஒருமுறையும் கர்னலைக் கட்டி, இரண்டிலும் ஒவ்வொரு சோதனையையும் நூறு முறை சுழற்சியில் ஓட்டுங்கள். அதில் பாதி ஓட்டங்களின்போது எல்லாச் சிபியூக்களுக்கும் வேறு வேலை கொடுத்து வையுங்கள். ஒருமுறை தோற்றாலும் அதைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டாம். இயக்கும் சட்டகம் தரும் இயல்புக் கெடு 45 நொடி. அதைத் தாண்டும் அடைவுகளில் செட்டிங்ஸ் கோப்பில் அதிகக் கெடு குறிக்கப்பட்டிருக்கும்.

புதிய கோப்பு சேர்த்திருந்தால் எவற்றைக் கட்டி ஓட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலின் டெஸ்ட்_புரோக்ஸ் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, கோப்புக்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத சோதனையை யாருமே ஓட்ட மாட்டார்கள்.

பேட்சுகளை, அதாவது கர்னலில் சேர்ப்பதற்கு அனுப்பும் மாற்றங்களை, பிரிப்பதில் பொறுமை காட்டுங்கள். நேம்ஸ்பேஸ் பெயர்களை மாற்றுவது ஒன்று, ஸ்லீப்புகளை நீக்குவது ஒன்று, தீர்ப்பு வரிகளைத் திருத்துவது ஒன்று, இரட்டை ஃபங்ஷன்களை ஒன்றாக்குவது ஒன்று எனத் தனித்தனியாக வைத்தால், பார்வையிடுபவர் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியோடு படிக்க முடியும். தவறாக வென்றுகொண்டிருந்த சோதனையைத் திருத்தும் பேட்ச் எளிமையாக்கும் பேட்சுகளுக்கு முன்னால் வர வேண்டும். அது ஒரு பிழைத்திருத்தம், தனியாக எடுத்துக்கொள்ளத்தக்கது. தொடரில் 15 பேட்சுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது நெட்வொர்க் பகுதியின் வழக்கம். எளிமையாக்கும் வேலை அடுத்த கர்னல் பதிப்புக்கான நெட்-நெக்ஸ்ட் கிளைக்குப் போகும், புதிய மாற்றங்கள் முதன்மைக் கர்னலில் சேரும் இணைப்புச் சாளரம் திறந்திருக்கும் இரண்டு வாரங்களில் அது மூடியிருக்கும்.

அனுப்புவதற்கு முன்பு, தொடக்கத்தில் எழுதி வைத்த உடைப்புக் குறிப்பை எடுத்து அதே இடங்களில் கர்னலை மீண்டும் உடையுங்கள். ஐபி_ஃபார்வர்டு.சி கோப்பில் ஐசிஎம்பி வரியை நீக்கியபோது எந்தச் செய்தியோடு தோற்றது, ரவுட்.சி கோப்பில் உடைத்தபோது எந்தச் செய்தியோடு தோற்றது என்ற இரண்டு வரிகளையும் பேட்சின் விளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பார்வையிடுபவர் உங்கள் சோதனையைப் பற்றி முதலில் கேட்க நினைக்கும் கேள்வி அதுதான்.